புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்கள் அரசு உதவி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இ-சேவை மையம் வைத்திருப்பவனிடம் ஊர் முழுக்கச் சந்தேகம் கேட்கும். பட்டா நகல் எடுக்க வருகிறவர் கடனைப் பற்றிக் கேட்பார், வருமானச் சான்றுக்கு வந்தவர் சொட்டுநீர் பற்றிக் கேட்பார். கொஞ்ச வருடமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு, இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி, ஊரோடு இருந்துவிடலாம் என்று வருகிறவர்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

நிலம் வாங்கிப் பத்திரம் பதிஞ்சாச்சு. அரசாங்கக் கணக்குல நான் விவசாயி ஆயிட்டேனா?

இன்னும் இல்லை. பத்திரம் என்பது உங்களுக்கும் விற்றவருக்கும் நடந்த விற்பனைக்குச் சாட்சி. வேளாண்மைத் துறையோ கூட்டுறவு சங்கமோ முதலில் கேட்பது பத்திரத்தை அல்ல, பட்டாவை. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத முழுப் புல எண்ணாக வாங்கியிருந்தால், பதிவு முடிந்ததுமே பட்டா தானாக மாறிவிடும் வசதி இப்போது இருக்கிறது. ஒரு புலத்தில் பாதியை மட்டும் வாங்கியிருந்தால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு எண் கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டா வந்த பிறகு ஒரு போகமாவது பயிர் வைத்து, அது அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏறினால்தான் அலுவலகத்தில் உங்களை விவசாயியாகப் பேசுவார்கள். அதோடு, விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்கும் பதிந்துகொள்ளுங்கள். ஆதார், பட்டா, கைபேசி மூன்றும் போதும். திட்டங்கள் ஒவ்வொன்றாக அந்த எண்ணோடு இணைக்கப்பட்டு வருகின்றன.

எங்க வீட்ல யாரும் விவசாயம் பண்ணினதில்ல. நாங்க விவசாய நிலம் வாங்கலாமா?

வாங்கலாம். சில மாநிலங்களில் விவசாயக் குடும்பத்தார் மட்டுமே விவசாய நிலம் வாங்க முடியும் என்று சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. பெற்றோர் வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். துபாயில் இருக்கும் மகன் பெயரில் வாங்கலாம் என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம் வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், 1892-ல், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை அந்தச் சமூகத்தைச் சேராதவர்கள் வாங்க முடியாது. பத்திரம் பதிந்திருந்தாலும் செல்லாது. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலங்களிலும் இதே மாதிரி சிக்கல் உண்டு. சந்தை விலைக்குப் பாதியில் நிலம் கிடைக்கிறது என்றால், வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல் கிராமத்து நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டையும் பாருங்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் ஒண்ணுதானே? ஏன் மூணு தடவை அலைய விடறாங்க?

பட்டாவும் சிட்டாவும் இப்போது ஒரே தாளில் வந்துவிடுகின்றன. நிலம் யாருடையது, எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, நன்செயா புன்செயா என்பதெல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

அடங்கல் வேறு. அந்த நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு அது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். போன வருட அடங்கல் இந்த வருடத்துக்குச் செல்லாது. பயிர்க்கடன், காப்பீடு, நெல் கொள்முதல் மூன்றுக்கும் அடங்கல் வேண்டும். நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.வைப் பார்த்து, பயிரைப் பதியச் சொல்லுங்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாளன்று போனால் வாசலில் வரிசைதான் இருக்கும்.

பட்டாவுல என் பேரும் இருக்கு, பங்காளிங்க பேரும் இருக்கு. இது போதுமா?

கூட்டுப் பட்டா என்பது இதுதான். சில வேலைகளுக்கு இது ஓடும், பல வேலைகளுக்கு மற்ற எல்லாரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். ஒரு அண்ணன் கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தால் உங்கள் சொட்டுநீர்க் குழாய் அத்தோடு நிற்கும். பாகப்பிரிவினை செய்து, உட்பிரிவு போட்டுத் தனிப்பட்டா வாங்குவதே நிரந்தர வழி.

இதைவிட அதிகம் பார்ப்பது பெயர்ப் பிரச்சினை. பட்டாவில் 'குப்புசாமி மகன் ராமசாமிக் கவுண்டர்' என்று இருக்கும், ஆதாரில் 'ராமசாமி கு' என்று இருக்கும், வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு மாதிரி இருக்கும். ஆள் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். அதே ராமசாமி ஆதாரில் மகனுடைய கைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார். ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனுக்குப் போகும், அவர் வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டார். விண்ணப்பம் பாதியில் நிற்கும். திட்டத்தைத் தேடும் முன்னால் இந்த மூன்று பெயரையும் ஒன்றாக்கி, உங்கள் சொந்த எண்ணை ஆதாரில் இணைத்துவிடுங்கள். நிராகரிக்கப்பட்டு என்னிடம் திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான் திரும்புகின்றன.

சிறு குறு விவசாயி சான்று எதுக்கு? அது இல்லாம ஆகாதா?

இரண்டரை ஏக்கர் வரை இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை இருந்தால் சிறு விவசாயி. தாசில்தார் தரும் இந்தச் சான்று இருந்தால் மானிய விகிதம் கூடும். சொட்டுநீரில் 75 சதவீதத்துக்குப் பதில் 100, இயந்திரத்தில் 40-க்குப் பதில் 50. எந்தெந்த ஊரில் நிலம் இருந்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம்.

வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபா வருதே, அது எனக்கும் வருமா?

நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்கியவர் என்றால் வராது. பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியபோதே, 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவர்களுக்குத்தான் என்று தேதி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெயர் மாறிய நிலத்தில், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்தது மட்டுமே விதிவிலக்கு. அப்பா காலமான பிறகு உங்கள் பெயருக்கு வந்த நிலம் என்றால், வாரிசு ஆவணங்களோடு விண்ணப்பியுங்கள்.

தகுதி உள்ளவர்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய் வீதம் வரும். வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) முடிக்கவில்லை, வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, அல்லது நில விவரம் இணைக்கப்படவில்லை.

நான் ஐ.டி. கம்பெனில இருக்கேன், வரி கட்டறேன். அதனால மனைவி பேர்ல நிலத்தை வாங்கிட்டா எல்லாம் கிடைக்குமா?

பி.எம். கிசானில் கிடைக்காது. அந்தத் திட்டத்தில் கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குள்ளான பிள்ளைகள் சேர்ந்ததுதான் ஒரு குடும்பம். அதில் ஒருவர் வருமான வரி கட்டினாலும் குடும்பத்துக்கே தகுதி போய்விடும். நாலாம் பிரிவு (கடைநிலை) தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள், பதிவுபெற்றுத் தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், பொறியாளர், ஆடிட்டர் எல்லாருக்கும் இதே கதைதான்.

மற்ற மானியங்களில் இந்த வரி விதி கிடையாது. சொட்டுநீர், இயந்திரம், விதை, காப்பீடு எல்லாம் நிலத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், நீங்கள் மாதச் சம்பளம் வாங்குவதைப் பார்த்து அல்ல. மனைவி பெயரில் வாங்குவதில் ஒரு லாபமும் உண்டு. பெண் விவசாயி என்பதால், பரப்பு அதிகமாக இருந்தாலும் இயந்திர மானியம் 50 சதவீதமாகக் கிடைக்கும். ஆனால் நிலம் அவருடையதாகிவிடும். கையெழுத்து, வங்கிக் கணக்கு, ஆய்வுக்கு அதிகாரி வரும்போது நிற்பது எல்லாமே அவர்தான். இதை வீட்டில் பேசிவிட்டுச் செய்வது நல்லது.

சொட்டுநீர் முழுக்க இலவசம்னாங்க. கம்பெனிக்காரர் வந்து பணம் கேக்கறார்?

சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பது உண்மை. ஆனால் எதற்கு 100 என்பதைப் பார்க்க வேண்டும். பயிர் இடைவெளியை வைத்து ஏக்கருக்கு இவ்வளவு செலவு என்று அரசு ஒரு அலகு விலை வைத்திருக்கிறது. அந்த விலைக்குத்தான் நூறு. தென்னைக்கு வைத்த குழாயோடு கூடுதல் வால்வு, பெரிய ஃபில்டர், அடர்த்தியான பக்கக் குழாய் என்று கேட்டால், மேலே வரும் தொகை உங்கள் கையிலிருந்துதான். குழி எடுக்கும் கூலியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மதிப்பீட்டுத் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியும் என்ன என்று கேளுங்கள். தாளில் இல்லாத பணத்துக்கு ரசீதும் இருக்காது.

ஒருவருக்கு அதிகபட்சம் 5 ஹெக்டேர் வரை கிடைக்கும். ஒரே நிலத்துக்கு மறுபடியும் மானியம் வேண்டுமானால் 7 வருடம் ஆகியிருக்க வேண்டும். பழைய உரிமையாளர் நான்கு வருடம் முன்பு வாங்கிப் போட்டு, எலி கடித்து வீணாகிப்போன குழாயாக இருந்தாலும் கணக்கு கணக்குதான். நிலம் வாங்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் டில்லர் வாங்கிட்டேன், ஜிஎஸ்டி பில் பக்காவா இருக்கு. மானியம் எப்போ வரும்?

வராது. இந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும், ஆனால் வேறு பதில் இல்லை. முதலில் தமிழ்நாடு அரசின் உழவன் கைபேசிச் செயலி மூலமோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த பிறகு, அவர்கள் பட்டியலில் உள்ள நிறுவனத்தில், பட்டியலில் உள்ள மாடலை வாங்க வேண்டும். அதிகாரி வந்து வண்டியோடு உங்களை நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் மானியம். ஏற்கெனவே வாங்கியதற்குக் கொடுக்க எந்த வழியும் இல்லை.

50 சதவீதம் என்பதும் விலையில் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். பாதி அல்லது அரசு வைத்த உச்சவரம்பு, எது குறைவோ அது. ஆதிதிராவிடர், பழங்குடியின சிறு குறு விவசாயிகளுக்கு மாநில அரசு இதற்கு மேல் 20 சதவீதம் சேர்த்துத் தருகிறது.

என் சொந்த அபிப்பிராயம்: மூன்று ஏக்கருக்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம். வேளாண் பொறியியல் துறையே டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். உழவு நேரத்தில் வரிசை நீளும் என்பது உண்மைதான். அப்படியும் வாடகைதான் மிச்சம்.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தானே? எப்போ லைன் இழுத்துத் தருவாங்க?

மின்சாரம் இலவசம்தான். ஆனால் இணைப்புக்கு வரிசை உண்டு. சாதாரண முன்னுரிமையில் பதிந்து வருடக் கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். 2021-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் இணைப்பு, அடுத்து 50,000 இணைப்பு என்று அறிவித்துக் கொடுத்தார்கள், அப்போது பழைய பதிவுகள் பல தீர்ந்தன. காத்திருக்க முடியாதவர்கள் பணம் கட்டிச் சீக்கிரம் இணைப்பு வாங்க சுயநிதித் திட்டமும் தத்கலும் உண்டு. தத்கலில் 5 குதிரைத்திறனுக்கே இரண்டரை லட்சம் என்ற கணக்கில் முன்பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே நிலம் பார்க்கும்போதே மின் இணைப்போடு பாருங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கிணறு நான்கு பேருக்குப் பொதுவாக இருக்கும். பத்திரத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மோட்டார், மின் இணைப்பில் அதே பங்கும், தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் பாத்தியமும்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் நிலம் உங்களுடையது, தண்ணீர் பக்கத்துக்காரருடையது. மின் இணைப்பின் பெயர் மாற்றத்தையும் பட்டா வந்த கையோடு செய்துவிடுங்கள்.

இணைப்பே இல்லை என்றால், வேளாண் பொறியியல் துறையின் மானியத்தில் சோலார் பம்பு போடலாம். பகல் வெயிலில் ஓடும், ஆழக் கிணற்றுக்குச் சிரமப்படும். நிலத்தடி நீர் அதிகம் உறிஞ்சப்பட்ட குறுவட்டங்களில் (சில கிராமங்கள் சேர்ந்த பிர்கா) புது ஆழ்துளைக் கிணற்றுக்குத் தடை உண்டு என்பதால், போர் போடும் முன் உங்கள் குறுவட்டம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொசைட்டில வட்டியில்லாக் கடன் தர்றாங்களாமே, நேரா போய்க் கேட்டா குடுப்பாங்களா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டி கிடையாது, அதை அரசு ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். முதலில் உங்கள் ஊர் எந்தச் சங்கத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே உறுப்பினர் ஆக வேண்டும். அப்புறம் சிட்டா, நடப்பு அடங்கல், ஆதார். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று மாவட்ட அளவில் முடிவு செய்த கடன் அளவு இருக்கிறது, அதற்கு மேல் கேட்டாலும் கிடைக்காது.

வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு வாங்கலாம். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கிளையில் நகையைக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்வார்கள். நகைக்கடன் அவர்களுக்குச் சுலபம், அவ்வளவுதான் காரணம். உத்தரவைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நான் குத்தகைக்கு ஓட்டறேன். மேல சொன்னதெல்லாம் எனக்குமா?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இது. விதிப் புத்தகத்தில் குத்தகைதாரருக்கு இடம் உண்டு: கிசான் கிரெடிட் கார்டு வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) ஓட்டுபவருக்கும்கூட உண்டு, பயிர்க் காப்பீடு உண்டு. நடப்பில் எல்லாம் அடங்கலில் வந்து முட்டும். நில உரிமையாளர் அடங்கலில் உங்கள் பெயர் ஏறுவதை விரும்ப மாட்டார். 1955-ன் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்ததிலிருந்தே அந்தப் பயம் இருக்கிறது. ஒரு முறை பெயர் ஏறினால் நிலத்தை விட மாட்டான் என்பார்.

நடுவழி ஒன்று இருக்கிறது. காலவரையறை போட்டு, முத்திரைத் தாளில் குத்தகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு, உரிமையாளர் கையெழுத்தோடு, சாகுபடி செய்வது நீங்கள் என்று அந்தப் போகத்துக்கான சான்று வாங்குங்கள். கடனுக்கு, நாலைந்து குத்தகைதாரர்கள் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கிக்குப் போகலாம். சொட்டுநீர் மாதிரி நிலத்தில் நிலைத்து நிற்கும் விஷயங்களுக்கு நீண்டகாலக் குத்தகைப் பதிவு இல்லாமல் எதிர்பார்க்காதீர்கள். கோயில் நிலக் குத்தகை என்றால் அறநிலையத் துறை ரசீது நிலுவை இல்லாமல் இருக்க வேண்டும்.

பயிர் இன்சூரன்ஸ் கட்டாயமா? கடன் வாங்கினா அவங்களே பிடிச்சுக்குவாங்களா?

2020 காரீப் (மழைக்காலச் சாகுபடி) பருவத்திலிருந்து எல்லாருக்கும் விருப்பம்தான். கடன் வாங்கியவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்காவிட்டால் பிடிப்பார்கள். விவசாயி கட்டும் பங்கு காரீப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு (குளிர்காலச் சாகுபடி) 1.5, தோட்டக்கலை, பணப்பயிருக்கு 5. சம்பா நெல் 1.5 கணக்கில் வரும். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். நீட்டிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

பிரீமியம் கட்டினேன், என் வயல் முழுக்கப் போச்சு. பக்கத்து ஊருக்கு வந்த பணம் எனக்கு ஏன் வரல?

உங்கள் வயலைத் தனியாகப் பார்த்துப் பணம் தரும் ஏற்பாடு இல்லை இது. நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அலகு. அந்தக் கிராமத்தில் குலுக்கல் முறையில் எடுத்த சில வயல்களில் பயிர் அறுவடைச் சோதனை நடக்கும். அதில் வரும் சராசரி மகசூல், கடந்த 7 ஆண்டில் நல்ல 5 ஆண்டு சராசரியை வைத்துப் போட்ட உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான், அந்தக் கிராமம் முழுவதற்கும் பணம். உங்கள் தாழ்வான வயல் மூழ்கி, மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் சராசரியில் உங்கள் நஷ்டம் காணாமல் போய்விடும். அறுவடைச் சோதனை எந்த வயலில், என்றைக்கு நடக்கிறது என்று கேட்டு, ஊர்க்காரர்கள் போய் நின்று பாருங்கள். நியாயமாக நடக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தனி வயலுக்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவை, அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் மழையில் கெடுவது. 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். வயல் மூழ்குவது 2018-ல் நெல்லுக்கு மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 காரீப் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாகவும், வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாகவும் மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. காட்டுப்பன்றித் தொல்லை உள்ள ஊர்க்காரர்கள், அந்தந்தப் பருவத்து அறிவிக்கையில் உங்கள் மாவட்டமும் பயிரும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

காப்பீடு வேறு, வெள்ள நிவாரணம் வேறு. பேரிடர் நிதியிலிருந்து வருவதற்குப் பிரீமியம் தேவையில்லை. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் கணக்கெடுக்க வேண்டும். அங்கேயும் அடங்கல்தான்.

நெல்லை அரசாங்கத்துக்கிட்டயே போட்டுடலாமா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடலாம். 2025-26 பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டால் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இணையத்தில் பதிந்து, அடங்கலோடு போனால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர்கள் இங்கே போடாதீர்கள். மாப்பிள்ளைச் சம்பாவையும் பொது ரகத்தின் விலைக்குத்தான் எடுப்பார்கள். அதற்கு நேரடி வாடிக்கையாளர் பிடிக்க வேண்டும்.

காய்கறிக்காரர்களுக்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கியது. அடையாள அட்டை வாங்கினால் கடை வாடகை இல்லை.

படிச்சது பி.எஸ்சி. அக்ரி. நிலம் கொஞ்சம்தான். எனக்குன்னு எதாவது இருக்கா?

உண்டு, அதிகம் பேர் விண்ணப்பிப்பதில்லை. விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் தரும் மையம் வைக்க, மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் தொழில் மையத் திட்டம் 2002 முதல் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு வங்கிக் கடன், அதில் பொதுப் பிரிவுக்கு 36 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 44 சதவீதமும் மானியம். தமிழ்நாடு அரசு 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் முதல்வரின் உழவர் நல சேவை மையங்கள் 1,000 அறிவித்தது. 10 முதல் 20 லட்சம் மதிப்புள்ள மையத்துக்கு 30 சதவீதம் மானியம், வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும்.

ஆட்டுப் பண்ணைக்கு ஐம்பது லட்சம் மானியம்னு யூடியூப்ல பார்த்தேன். நிஜமா?

தேசிய கால்நடை இயக்கத்தில் செம்மறி, வெள்ளாட்டுப் பண்ணைக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் என்பது நிஜம். 50 லட்சம் வேண்டுமானால் 500 பெட்டை, 25 கிடா உள்ள பண்ணை, அதற்கு மொத்தத் திட்டச் செலவு ஒரு கோடி. 100 பெட்டை, 5 கிடா என்றால் மானியம் 10 லட்சம் வரை. வங்கி முதலில் கடன் ஒப்புக்கொள்ள வேண்டும், மானியம் இரண்டு தவணையாக வரும். பத்து ஆடு மேய்த்துப் பழகாதவர் ஐந்நூறு ஆட்டுக்குக் கொட்டகை போடுவது பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள், கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எடுத்துவிட்டுச் சின்னதாகத் தொடங்குங்கள்.

எங்களுக்கு நிலமே இல்ல, கூலிதான். எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?

உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராகலாம். நிலமற்ற கூலியாட்களும், நன்செய் 2.5 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள் வைத்து நேரடியாகப் பயிர் செய்பவர்களும் தகுதி உள்ளவர்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, இறப்பு, முதியோர் ஓய்வூதியம் என உதவிகள் வரும். வி.ஏ.ஓ. மூலம் அட்டை வாங்க வேண்டும். பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு அட்டைக்கு ஓடாமல் இப்போதே வாங்கிவையுங்கள்.

தனி ஆளுக்கு இல்லாம எங்க ஊருக்கே எதாவது கேக்கலாமா?

கேட்கலாம், கூட்டமாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும். கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் 2021-22 தொடங்கி ஐந்து ஆண்டில் 12,525 ஊராட்சிகளையும் பிரித்து எடுத்தார்கள். 10 முதல் 15 ஏக்கர் தரிசு ஒரே தொகுப்பாக இருந்து, உரிமையாளர்கள் குழுவாகச் சேர்ந்தால் பொதுவாக போர் போட்டுத் தண்ணீர் வசதி செய்து கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒத்துப்போகாத ஒரே ஒரு பங்குதாரரால் நின்றுபோன தொகுப்புகளும் உண்டு.

ஏரி வண்டல் மண்ணையும் மறக்காதீர்கள். 2024-ல் விதியை எளிமையாக்கி, தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கும்படி செய்தார்கள். விவசாயத்துக்கு இலவசம். ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கனமீட்டர், புன்செய் என்றால் 90. செம்மண் காட்டுக்கு இதைவிடப் பெரிய மானியம் எதுவும் இல்லை என்பேன். டிராக்டர் வாடகை மட்டும்தான் செலவு.

ஊர்ப் பொதுத் தேவை எதுவானாலும் கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பத்து பர்சென்ட் குடுத்தா எல்லாம் முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். அவர்கிட்டயே விட்டுடலாமா?

விடாதீர்கள். அவர் செய்யப்போவதும் இதே செயலியில் இதே ஆவணத்தை ஏற்றுவதுதான். மானியம் உங்கள் கணக்குக்கு நேராக வருவதால், அவர் முன்கூட்டியே பணம் கேட்பார், அல்லது உங்கள் ஏடிஎம் அட்டையைக் கேட்பார். தெரியாதவர்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலர் இருக்கிறார், ஊரில் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நிதி இல்ல, அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லிட்டாங்க. உண்மையா, தட்டிக் கழிக்கறாங்களா?

பல நேரம் உண்மைதான். மாவட்டத்துக்கு இத்தனை எண்ணிக்கை, இத்தனை ஹெக்டேர் என்று இலக்கு வரும். நிதியாண்டு தொடங்கிய கொஞ்ச நாளில் பதிந்தவர்களுக்குக் கிடைக்கும், பிப்ரவரியில் போனால் காலியாகியிருக்கும். பொதுப் பிரிவு இலக்கு முடிந்தாலும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கான இலக்கு தனியாக மீதம் இருக்கக்கூடும், அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

காரணமே சொல்லாமல் இழுத்தால், மாதாமாதம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு போங்கள். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள், பதில் அங்கேயே வரும் அல்லது மனு எண் கிடைக்கும். அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடுங்கள்: என் விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது, எனக்குப் பின்னால் பதிந்தவர்களில் எத்தனை பேருக்கு அனுமதி தரப்பட்டது, இந்த ஆண்டு இலக்கில் மீதம் எவ்வளவு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.